தோழி பேரில் சொன்ன சங்கதிகள்

டார்லீன் ஃபுர்தாடோ பெற்றது ஒன்றும் இல்லை. வளர்த்தது எத்தனை என்று அவளுக்கே தெரியாது. முதலில் கன்றுக்குட்டிகள், அப்புறம் எங்கள் பள்ளிக்கூடத்துப் பெண்கள் பெற்ற குழந்தைகள்.

வாய்க்கால் கரையில் அவளுக்கும் அவள் புருஷன் மானுவலுக்கும் இருநூறு மாடுகள் இருந்தன. இரண்டு பேர் வீட்டாரும் கடல் கடந்து வந்த போர்ச்சுகீசியர்கள். கலிஃபோர்னியாவின் இந்தப் பள்ளத்தாக்கில் அந்த ஜனங்களுக்கு மாடுதான் எல்லாம். பால் விலை ஒரேயடியாகப் படுத்த வருஷம் மாடுகளை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, அந்த வாரமே எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வேலை கேட்டு வந்து நின்றாள்.

"சின்னக் குழந்தைங்களப் பாத்துக்கிட்ட அனுபவம் இருக்கா?" என்று கேட்டார்கள்.

"ஒரே நேரத்துல முப்பது கன்னுக்குட்டிக்குப் புட்டிப்பால் குடுத்திருக்கேன். ஒண்ணுகூடச் சாகல. போதுமா?"

எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சம்பளத்துக்கு வேறு யாரும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நல்ல பெயர் உண்டு, வாசலில் எழுதியும் இருக்கிறது. ஆனால் ஊரில் எல்லோரும் 'மிச்ச ஸ்கூல்' என்பார்கள். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளிக்கூடம் வேண்டாம் என்று தள்ளிவிட்ட பிள்ளைகள்தான் இங்கே வருவார்கள். சண்டை போட்டவன், போதையில் கிடந்தவன், பாதாம் தோட்டத்து வேலைக்குப் போய்ப் பாடத்தைக் கோட்டை விட்டவன், வயிறு பெரிதாகிப்போன பெண். பெண்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள். குழந்தையை டார்லீனின் அறையில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போவார்கள், நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் ஓஃபேலியா, பிள்ளைகளுக்கு மிஸ் ஓஃபி. அவர்களை வீடு வீடாகப் போய் அள்ளிக்கொண்டு வரும் வேனை ஓட்டுகிறவள். என் வேனில் பின்வரிசை முழுக்கக் குழந்தை இருக்கைகள்தான். தினமும் கழுவினாலும் புளித்த பால் வாடை போகாது.

டார்லீன் எல்லாக் குழந்தைகளையும் "முதலாளி" என்றுதான் கூப்பிடுவாள். "வாங்க முதலாளி, ராத்திரி உங்கம்மாவத் தூங்க விட்டீங்களா? விடலியா? நல்ல முதலாளிதான் நீங்க." பெண்களிடம் இந்தக் கொஞ்சல் எல்லாம் கிடையாது. "ஏய், மூக்கத் தொடச்சி விடு. உனக்கு இல்லடி, குழந்தைக்கு. சரி, நீயும் தொடச்சிக்க" என்பாள். நாலு நாள் பள்ளிக்கு மட்டம் போட்ட பெண்ணின் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்பாள், அது வெளியே வரும்வரை. ஊரில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டால் ஆகாது. எங்கள் பெண்களுக்கு அவள்தான் எல்லாம்.

இப்போது அந்த 'தோழி'யைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மிச்சம் எதுவும் விளங்காது.

ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று காதில் விழுந்தால் உடனே மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தாக வேண்டும் என்பது எங்கள் சட்டம். வாத்தியார், சமையல்காரி, வேன் ஓட்டுகிற நான், யாருக்கும் விலக்கு இல்லை. முதல் நாளே பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடுவோம். அதைக் கேட்டதும் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். பின்னே? அம்மாவைப் பிடித்துப் போவார்கள், குழந்தையை எடுத்துப் போவார்கள் என்று தெரிந்தால் யார் வாயைத் திறப்பார்கள்? அதனால்தான் தோழி பிறந்தாள். குழந்தை அறையில் பால் கொடுக்க ஒரு பழைய சோபா உண்டு. அதில் உட்கார்ந்துகொண்டு, "மிஸ், என் ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா" என்று ஆரம்பிப்பார்கள். அவ்வளவுதான், அதற்கப்புறம் எதையும் சொல்லலாம். தோழி யார் என்று யாரும் கேட்க மாட்டோம். டார்லீன் பதிலையும் தோழிக்கே சொல்லி அனுப்புவாள். "உன் ஃப்ரெண்டுகிட்டச் சொல்லு, புதன்கிழமை கிளினிக்குல காசு வாங்க மாட்டாங்க, போய்க் காட்டச் சொல்லு." "உன் ஃப்ரெண்டு அந்தத் தடிமாட்ட விட்டுட்டு வந்தா நல்லதுன்னு ஒரு கிழவி சொன்னான்னு சொல்லு." அந்தத் தோழிக்கு வராத கஷ்டம் கிடையாது. அடி வாங்குவாள், கடையில் திருடுவாள், இரண்டாவது தடவையும் உண்டாகிவிடுவாள். இவ்வளவுக்கும் அப்புறம் இன்னும் உயிரோடு இருக்கிறாளே, கெட்டிக்காரிதான் என்று நானும் டார்லீனும் சிரித்துக்கொள்வோம்.

டார்லீன் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டவள் இல்லை. நிஜமாகவே ஆபத்து என்றால் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடுவாள். "இனிமே ஃப்ரெண்டு கதை வேணாம். இது போன் பண்ற விஷயம். நீயும் பக்கத்துல உக்காரு, சேந்தே பண்ணுவோம்." அப்படிப் போன் செய்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்கள் அழுதார்கள், திட்டினார்கள், ஆனால் அவளை விட்டுப் போகவில்லை. முதுகுக்குப் பின்னால் எதுவும் செய்ய மாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

மிஸ்டர் ஹாடிக்ஸ் எங்கள் பள்ளிக்கு ஆலோசகராக வந்து நாலு வருஷம் இருக்கும். பிள்ளைகளின் படிப்பு, மனக்கஷ்டம், வீட்டுப் பிரச்சினை எல்லாம் பார்க்கிற வேலை. மடிப்புக் கலையாத சட்டை, வெள்ளிக்கிழமை தோறும் எல்லோருக்கும் டோனட், யாரைப் பார்த்தாலும் ஒரு சிரிப்பு. முதல் வருஷம் ஒரு காலையில் அவர் டார்லீனின் சோபாவில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு நானும் இருந்தேன்.

"டார்லீன், என் ஃப்ரெண்டு ஒருத்தன் இருக்கான்" என்றார். "காலைல குடிக்காம அவனால வேலைக்கு வர முடியல."

வாயில் நெடி அடித்தது. அந்த மனிதனை டார்லீன் அதே சோபாவில் படுக்க வைத்து, குழந்தைகளுக்குப் போர்த்துகிற துப்பட்டியைப் போர்த்தி, பிரின்சிபாலிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். "உன் ஃப்ரெண்டுக்குச் சொல்லு, பக்கத்து ஊரு சர்ச்சுல செவ்வாக்கிழமை சாயங்காலம் குடிய விட்டவங்க எல்லாம் கூடுறாங்க. அங்க யாருக்கும் அவனத் தெரியாது." எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் நான்தான் அவரை வேனில் கொண்டுபோய் விட்டேன். குடியை விட்டார். சோபாவில் உட்கார்ந்து கண்ணீர் விட்டு, "இத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றார். பிறகு நடந்ததைச் சொல்லும்போது அந்த ஆளுக்கு 'அவர்' போட எனக்கு வாய் வராது, அதனால் இப்போதே மரியாதையைக் கொடுத்து முடித்துவிடுகிறேன்.

இட்ஸெல் பராகான் எங்களிடம் வந்தபோது பதினேழு வயது. ஒல்லிப் பெண், கணக்கில் புலி, ரோஷத்தில் அதைவிடப் புலி. குழந்தை நயேலி பிறந்து ஆறு வாரத்தில் டார்லீன் கைக்கு வந்தது. குழந்தையின் அப்பன் யார் என்று நாங்கள் கேட்டதில்லை, அவனும் வந்து எட்டிப் பார்த்ததில்லை. இட்ஸெல் வசந்த காலத்துக்குள் பள்ளியை முடித்துவிடுகிற மாதிரிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மா புதிதாக ஒருவனைச் சேர்த்துக்கொண்டதில்தான் வினை வந்தது. அவனுக்குக் குழந்தை அழுதால் பிடிக்காது. நவம்பரில் ஒருநாள் ஏதோ பேச்சு முற்றி, "ஒண்ணு அது வாய மூடணும், இல்ல நீங்க ரெண்டு பேரும் வெளிய போணும்" என்றானாம். அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாளாம்.

இதெல்லாம் சோபாவில் தெரிந்தது, தோழி பேரில்.

"மிஸ், என் ஃப்ரெண்டு ஒருத்தி இருக்கா. அவ கார்ல தூங்குறா. கடைங்க இருக்குற பெரிய பார்க்கிங்ல."

டார்லீன் நயேலியின் தொடை மடிப்பில் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அவளுக்குக் குழந்தை இருக்கா?"

"இருக்கு."

"சரி. உன் ஃப்ரெண்டுகிட்டச் சொல்லு, ஹீட்டருக்காக எஞ்சின ஓட விட்டுட்டுத் தூங்கவே கூடாது. புகை உள்ள வந்தா எந்திரிக்க மாட்டாங்க. அப்புறம், எங்க வீட்ல பின்ரூம் காலியாத்தான் கெடக்குன்னும் சொல்லு."

"அவ ரொம்ப ரோஷக்காரி மிஸ். யார் வீட்லயும் போயி உக்கார மாட்டா."

"தெரியுது. அப்போ காலைல வாட்ச்மேன் கேட்டத் தொறந்த ஒடனே இங்க வரச் சொல்லு. நானும் அந்நேரத்துக்கு வந்துருவேன்."

அப்படித்தான் நடந்தது. பொழுது விடிவதற்குள் டார்லீன் வந்துவிடுவாள். நயேலிக்கு வெந்நீரில் குளியல், இட்ஸெலுக்கு முட்டையும் ரொட்டியும். குழந்தைத் துணி துவைக்கிற மெஷினில் தோழியின் துணியும் துவைத்தாகிவிடும். வாரா வாரம் குழந்தையை எடை பார்ப்பாள். கொழுகொழுவென்றுதான் இருந்தது. அந்தப் பெண் கார் சீட்டில் சுருண்டு கிடந்தாலும் குழந்தைக்கு ஒரு குறை வைக்கவில்லை.

பிறகு பனி வந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் மழைக்காலத்துப் பனிமூட்டம் தரையோடு படுத்துக்கொள்ளும். கையை நீட்டினால் விரல் தெரியாது. அந்த மாதிரி நாட்களில் விடியற்காலை ரேடியோவில் சொல்லிவிடுவார்கள், பள்ளி வண்டிகள் இரண்டு மணி நேரம் தாமதம் என்று. வண்டி தாமதம் என்றால் பள்ளியும் தாமதம், வாட்ச்மேனும் தாமதம், கேட்டும் தாமதம். ஊரில் மற்ற பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம், இன்னொரு தூக்கம் போடலாம். அந்த வருஷத்து முதல் பனி நாளில் டார்லீன் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தபோது, பூட்டிய கேட்டுக்கு வெளியே இட்ஸெலின் கார் நின்றிருந்தது. எஞ்சினை ஓட்டக்கூடாது என்று இவள் சொன்னதை அந்தப் பெண் அப்படியே கேட்டிருக்கிறது. உள்ளே தன் மேல்சட்டைக்குள் குழந்தையை வைத்துப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் பாதம் பச்சைத் தண்ணீர் மாதிரிச் சில்லென்று இருந்ததாம்.

"நான்தான் எஞ்சினப் போடாதன்னு சொன்னேன் ஓஃபி" என்று அன்றைக்கு என்னிடம் சொன்னாள். "நாளைக்கும் பனின்னு சொல்றாங்க. எனக்குக் கேட் சாவி வேணும்."

வாட்ச்மேன் தன் சாவியை யாருக்கும் தர மாட்டான், அவனை விட்டால் இரண்டு பேரிடம்தான் சாவி இருந்தது. பிரின்சிபால் காரணம் கேட்பார், கேட்டால் எழுதி வைப்பார். இன்னொன்று ஹாடிக்ஸிடம். டார்லீன் ஹாடிக்ஸிடம் போனாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவனை விட்டால் வேறு யார்?

"ஹாடிக்ஸ், எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணோட ஃப்ரெண்டு இருக்கா" என்று ஆரம்பித்திருக்கிறாள். "கைக்குழந்தையோட கார்ல இருக்கா. பனி நாள்ல மட்டும் நான் சீக்கிரம் கேட்டத் தொறக்கணும்."

அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, மேலே தன் கையையும் வைத்து அழுத்தி, "நீங்க தங்கமானவங்க டார்லீன்" என்றான். அவள் சந்தோஷமாக வந்து சாவியை என்னிடம் ஆட்டிக் காட்டினாள். "மனுஷன்னா இவன் மனுஷன்" என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள்.

நயேலி அப்போது உயர நாற்காலியில் உட்கார்ந்து வாழைப்பழத்தைப் பிசைந்து தலையில் தேய்த்துக்கொண்டிருந்தது. இட்ஸெலை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். வந்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன், மெதுவாகத்தான் பேசினார்கள்.

"நீ எங்கம்மா தங்கியிருக்க?"

"எங்கம்மா வீட்ல" என்று பட்டென்று பொய் சொல்லிவிட்டாள் இட்ஸெல். பயந்த பிள்ளை வேறு என்ன சொல்லும்? அங்கேயே நின்றபடி அம்மாவுக்குப் போன் போட்டார்கள். "அவ இங்க இல்லியே, போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே" என்று அந்த மகராசி உண்மையைச் சொல்லிவிட்டாள், ஜென்மத்தில் முதல் தடவையாக. அப்புறம் காரைப் போய்ப் பார்த்தார்கள். பின்சீட்டில் போர்வை, பால் புட்டி, ஒரு பை நிறைய நாப்பி. கார் கூடப் பெரிய விஷயம் இல்லையாம், வீடில்லாதது குற்றம் இல்லை என்று அந்தப் பெண்களே சொன்னார்கள். ஆனால் பொய் சொல்கிறாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்காவது ஓடிவிடுவாளோ என்று சந்தேகப்பட்டார்கள். அதனால் கோர்ட் முடிவு செய்கிற வரைக்கும் குழந்தையை வேறு ஒரு குடும்பத்தில் வைப்பதாகச் சொன்னார்கள்.

தலையில் வாழைப்பழத்தோடு குழந்தையைத் தூக்கினார்கள். டார்லீன் குறுக்கே போய், "இருங்க, தொடச்சி விடுறேன்" என்று ஈரத்துணியால் அதன் தலையைத் துடைத்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. இட்ஸெல் கத்தவில்லை, அவர்கள் மேல் பாயவில்லை. அவர்களைப் பார்க்கவே இல்லை. டார்லீனைத்தான் பார்த்தாள்.

"நீங்களா மிஸ்?"

"ஐயோ இல்லடி, சத்தியமா நான் இல்ல" என்றவளுக்கு அந்த வாக்கியம் முடிவதற்குள் விளங்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தாள். ஹாடிக்ஸ் வராந்தாவில் சுவரோரம் நின்றிருந்தான். உள்ளே வரவில்லை.

அன்று மத்தியானம் சமையலறையில் அவனை மடக்கினாள். நானும் கதவை அடைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் பண்ணுன?"

"டார்லீன், சட்டம் அது. உங்களுக்கும் தெரியும். நாளைக்குக் குளிர்ல அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"ஆகக் கூடாதுன்னுதானய்யா சாவி கேட்டேன்! உனக்குப் பயமா இருந்தா எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல? அந்தப் பொண்ணக் கூப்புட்டு உக்கார வச்சு, இப்புடிப் பண்ணப் போறோம்மான்னு சொல்லிருந்தா, அவ ஏன் பொய் சொல்லப் போறா? உண்மையச் சொல்லிருப்பா. குழந்த அவ இடுப்புலயே இருந்திருக்கும்."

"தெரிஞ்சும் சொல்லலன்னு ஆச்சுன்னா என் வேலை போயிரும் டார்லீன்."

"நீ குடிச்சிட்டு விழுந்து கெடந்தப்போ எங்க வேலை போயிருமேன்னு நாங்க யாராச்சும் நெனச்சமா?" என்று நான் கேட்டேன். என்னால் அடக்க முடியவில்லை.

அவன் முகம் செத்துவிட்டது. அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னான் பாருங்கள், போன் செய்ததை விட எனக்கு அதுதான் ஆறவில்லை.

"உங்களையும் காப்பாத்தித்தான் வச்சிருக்கேன் டார்லீன். நீங்க அன்னைக்குத்தான் கேள்விப்பட்டீங்க, கேள்விப்பட்ட ஒடனே எங்கிட்ட வந்து சொன்னீங்கன்னு சொல்லியிருக்கேன். யாரு கேட்டாலும் அதையே நீங்களும் சொல்லிருங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் வராது."

டார்லீன் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "நான் எதுவும் தெரியாதவ ஆயிட்டா, அந்தப் புள்ள ஒரு மாசமா யாருக்கும் தெரியாம குழந்தைய ஒளிச்சு வச்ச திருடி ஆயிடுவா. அதானே?"

நான் கதவை விட்டு விலகினேன், அவன் போனான்.

கோர்ட் நாளுக்கு முன்னால் அந்தப் பெண்ணைப் பார்க்க டார்லீன் எவ்வளவோ முயன்றாள். இட்ஸெல் பள்ளிக்கு வரவில்லை. ஒரு சிநேகிதியின் அக்கா வீட்டுத் தரையில் படுத்துக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போய் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தோம். வாசலுக்கு வந்த அந்த அக்கா, "போயிருங்க மிஸ், அவ பாக்க மாட்டேங்குறா" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

மானுவலுக்குச் சிறுநீரகம் போய் வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் சுத்தம் செய்துகொண்டிருந்த காலம் அது. டார்லீனின் வேலையில் வந்த மருத்துவக் காப்பீட்டில்தான் அந்த வைத்தியம் ஓடியது. நான் அவளிடம் வெளிப்படையாகவே கேட்டேன்.

"உண்மையச் சொன்னா ஒன்ன வச்சிருக்க மாட்டாங்கடி. மானுவல நெனச்சுப் பாத்தியா?"

"மானுவல்கிட்டக் கேட்டேன். 'அந்தக் கன்னுக்குட்டியத் தாய்கிட்டச் சேத்துட்டு வா, அப்புறம் பேசுவோம்'னுட்டான்."

கோர்ட்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். உள்ளே என்னை விடவில்லை. நடந்ததை டார்லீனும், பிறகு இட்ஸெலின் வக்கீலும் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். அந்தப் பெண் பொய் சொன்னதையே அரசு வக்கீல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். குழந்தையை ஒரு மாதம் யார் கண்ணிலும் படாமல் மறைத்தாள், கேட்டபோது துணிந்து ஏமாற்றினாள், இவளை எப்படி நம்புவது என்று. அப்போது டார்லீன் எழுந்து, மறைக்கவில்லை, எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்றாளாம். குழந்தை தினமும் விடியுமுன் தன் கைக்கு வந்துவிடும், தானே குளிப்பாட்டினேன், எடை பார்த்தேன், ஒரு நாள்கூட அதன் வயிறு காயவில்லை என்று எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறாள்.

"தெரிந்தும் ஏன் புகார் செய்யவில்லை?" என்று நீதிபதி அம்மாள் கேட்டாளாம்.

"அம்மா, நல்லாப் பாத்துக்குற தாய்கிட்டேர்ந்து எதுக்குப் புடுங்கணும்? ஒரு வீடுதான் இல்ல அவளுக்கு. என் வீட்ல ஒரு ரூம் இருக்கு. இன்னைக்கே வரட்டும்."

நீதிபதி இட்ஸெலிடம் கேட்டாள், அந்த வீட்டுக்குப் போகிறாயா, போவதென்றால் குழந்தையை இன்றே தந்துவிடலாம் என்று. இட்ஸெல் தலையை ஆட்டி மறுத்தாள். அவளுடைய வக்கீல், இங்கிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் இளம் தாய்மார்கள் குழந்தையோடு தங்குகிற விடுதி ஒன்றில் இடம் இருக்கிறது என்றாள். இட்ஸெல் அங்கே போகிறேன் என்றாள். அங்கே போனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பை முடிக்க முடியாது. பரவாயில்லை என்றாள். குழந்தை கிடைத்துவிட்டது.

டார்லீனின் வேலை அந்த வாரமே போயிற்று. மானுவலின் வைத்தியத்துக்கு வாய்க்கால் கரை வீட்டை விற்றார்கள். ஹாடிக்ஸ் இப்போது எங்கள் பிரின்சிபால், வெள்ளிக்கிழமை டோனட் இன்னமும் வருகிறது, நான் தொடுவதில்லை. சோபாவும் இருக்கிறது. பெண்கள் அதில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தபடி கையில் இருக்கிற போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. போன வருஷம் எங்கள் பெண் ஒருத்தி முகமெல்லாம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் வீட்டில் அத்தனை நாளாக என்ன நடந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இவ்வளவும் ஒரு பக்கம். கோர்ட் வராந்தாவில் அன்றைக்கு நடந்தது ஒரு பக்கம்.

குழந்தையைக் கொண்டுவந்து இட்ஸெலிடம் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் பிரிவில் நயேலி சற்று இளைத்திருந்தது, புதிதாக ஒரு பல் வெளியே வந்திருந்தது. அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை அவள் தோளில் தேய்த்து, அப்புறம் நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தது. டார்லீனைக் கண்டுபிடித்துவிட்டது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தது. டார்லீனும் தன்னை மறந்து கையை நீட்டிவிட்டாள்.

இட்ஸெல் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீங்க போன் பண்ணலன்னு வக்கீல் சொன்னாங்க மிஸ். ஹாடிக்ஸ்தானாம்."

"ஆமாடி கண்ணு. அவன்தான். நான் சாவிக்காகத்தான் அவன்கிட்ட…"

"ஆனா அவருக்கு யாரு சொன்னது?"

டார்லீன் நீட்டிய கையை இறக்கிக்கொண்டாள்.

"நான் உங்ககிட்ட மட்டுந்தான மிஸ் சொன்னேன்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வக்கீலோடு நடந்து போய்விட்டாள். நயேலி தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்து, கதவு மூடுகிற வரைக்கும் அழுதது.

வேனில் ஏறியதும் நான் பொரிந்து தள்ளினேன். நன்றி கெட்ட பெண் என்றேன். இவளுக்காக வேலையையும் புருஷனின் உயிரையுமே பணயம் வைத்தாய், ஒரு வார்த்தை நன்றி சொன்னாளா என்றேன். டார்லீன் முன்சீட்டில் கையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாய மூடிட்டு வண்டிய ஓட்டு ஓஃபி" என்றாள். "அவ கேட்டதுல என்ன தப்பு?"